ஹான்ஸ் சிம்மரின் பேரொலியைக் கேட்பது எப்படி?

ஹான்ஸ் சிம்மரின் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போது ஒரே ஆள் இரண்டு கட்சியிலும் இருப்பதைப் பார்க்கலாம். 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தின் ஆர்கன் (தேவாலயங்களில் ஒலிக்கும் பெரிய குழாய் வாத்தியம்) இசையைக் கேட்டு மெய்சிலிர்த்தவரே, அந்தப் படத்தில் வசனம் சரியாகக் காதில் விழவில்லை என்றும் குறைப்படுவார். 'இன்செப்ஷன்' படத்தின் இறுதி இசையைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவரே, அந்தப் படத்தின் அடிவயிற்றைக் கலக்கும் ஊதுகுழல் முழக்கத்தைப் பின்வந்த ஒவ்வொரு முன்னோட்டத்திலும் கேட்டுச் சலித்துப்போயிருப்பார். இந்த இரண்டு மனநிலைகளில் ஒன்றுதான் சரி என்று நிறுவுவது இந்த வழிகாட்டியின் வேலை அன்று. எந்த இடத்தில் அவருடைய பேரொலி இசையாக நிற்கிறது, எந்த இடத்தில் வெறும் அழுத்தமாக இறங்குகிறது என்று நீங்களே பிரித்தறியச் சில வழிகளை இங்கே சொல்ல முயல்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1957 இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் பிறந்தவர். இளவயதில் இங்கிலாந்துக்குச் சென்று பாப் இசைக்குழுக்களோடு சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வாசித்துவிட்டு, ஸ்டான்லி மயர்ஸ் என்ற மூத்த திரை இசையமைப்பாளரிடம் தொழில் கற்றார். 1988 இல் வெளிவந்த 'ரெயின் மேன்' அவரை ஹாலிவுட்டுக்கு அறிமுகப்படுத்தியது. அதன்பின் 150க்கும் மேற்பட்ட படங்கள், 12 ஆஸ்கர் பரிந்துரைகள், 'தி லயன் கிங்' படத்துக்கும் 'டூன்' படத்துக்குமாக இரண்டு ஆஸ்கர் விருதுகள். இந்த எண்ணிக்கையே நம் சிக்கலின் ஒரு பகுதி. இவ்வளவு எழுதுகிறவரிடம் எல்லாம் ஒரே தரத்தில் இருக்காது. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

குறை யார்மேல் என்று முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்

"சத்தம் அதிகம்" என்று நாம் சொல்லும்போது மூன்று வெவ்வேறு குறைகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம். முதலாவது, இசை அமைக்கப்பட்ட விதம். இரண்டாவது, படத்தின் இறுதி ஒலிக்கலவையில் வசனத்துக்கும் ஓசைகளுக்கும் மேலே அந்த இசை எவ்வளவு உயர்த்தி வைக்கப்பட்டது என்பது. மூன்றாவது, அவரைப் பார்த்துப் பிறர் செய்த நகல்கள். இவற்றுள் முதலாவதற்கு மட்டுமே சிம்மர் முழுப்பொறுப்பு ஏற்க வேண்டியவர்.

இரண்டாவதற்கு நல்ல எடுத்துக்காட்டு 'இன்டர்ஸ்டெல்லார்'. 2014 நவம்பரில் படம் வெளிவந்தபோது இசை வசனத்தை விழுங்கிவிடுகிறது என்ற புகார் பரவலாக எழுந்தது. தங்கள் ஒலிக்கருவிகளில் பழுது ஏதுமில்லை, படமே இப்படித்தான் இருக்கிறது என்று அமெரிக்கத் திரையரங்கு ஒன்று அறிவிப்பு ஒட்டும் அளவுக்குப் போனது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அது தாம் தெரிந்தே எடுத்த முடிவு என்று விளக்கினார்: சில இடங்களில் வசனத்தையும் ஓர் ஓசையாகவே அவர் பயன்படுத்த விரும்பினார். இசையமைப்பாளர் தம் பகுதிகளைப் பதிவுசெய்து கொடுத்துவிட்ட பிறகு, அவை எந்த அளவில் ஒலிக்க வேண்டும் என்பதை இயக்குநரும் ஒலிக்கலவையாளர்களும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். ஆகவே, வசனம் கேட்கவில்லை என்ற கோபம் உங்களுக்கு இருந்தால், அந்தக் காட்சிக்குரிய இசையைத் தனியே இசைத்தொகுப்பில் கேட்டுப் பாருங்கள். அங்கே அது உங்களுக்குப் பிடித்துப்போனால் உங்கள் வழக்கு நோலனோடுதான்.

மூன்றாவது குறைக்கு 'இன்செப்ஷன்' பொருந்தும். 2010 இல் அந்தப் படம் வந்த பிறகு, திரை கறுத்துப்போகும் ஒவ்வொரு முறையும் தாழ்ந்த சுருதியில் ஊதுகருவிகள் முழங்குவது முன்னோட்டங்களின் பொதுவழக்காகிவிட்டது. அந்த முழக்கத்தை முதலில் உருவாக்கியவர் யார் என்பதில் அந்தப் படத்தின் முன்னோட்டங்களுக்கு இசையமைத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆனால் படத்துக்குள் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கதையில் உறங்குகிறவர்களை எழுப்பும் அடையாளமாக எடித் பியாஃப் பாடிய பிரெஞ்சுப் பாடல் ஒன்று ஒலிக்கிறது. கனவின் ஒவ்வொரு அடுக்கிலும் காலம் மேலும் மெதுவாக நகர்கிறது. அந்தப் பாடலின் தொடக்கத்தில் வரும் ஊதுகருவி ஒலியை மிகவும் மெதுவாக்கினால் கிடைப்பதே அந்த முழக்கம். பாடலையும் முழக்கத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்தபின் முழக்கம் பிடிக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் அதன் நகல்களுக்கு இல்லாத ஒரு பொருள் இதற்கு இருப்பது விளங்கிவிடும். பதிவுசெய்தபோது ஒரு தேவாலயத்தின் நடுவே பியானோவை வைத்து, அதன் மிதிகட்டையை அழுத்திய நிலையிலேயே நிறுத்தி, ஊதுகருவிக் கலைஞர்களை அந்தக் கம்பிகளை நோக்கி ஊதச் செய்ததாக சிம்மர் சொல்லியிருக்கிறார். முழக்கத்தின் வாலில் ஒரு ரீங்காரம் தொங்குவது அதனால்தான். நகல் செய்தவர்கள் முழக்கத்தை எடுத்துக்கொண்டு ரீங்காரத்தை விட்டுவிட்டார்கள்.

எதில், எவ்வளவு உயர்த்திக் கேட்பது

கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் சிம்மரைக் கேட்டு எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். அவருடைய இசையின் பாதி, அந்தச் சிறு ஒலிபெருக்கியால் எழுப்பவே முடியாத தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. பெரிய ஆர்கனில் உள்ள 32 அடிக் குழாய் வினாடிக்கு ஏறத்தாழ 16 அதிர்வுகளைத் தரும்; மனிதக் காது சுருதியாக உணரும் எல்லையே 20 அளவில்தான் தொடங்குகிறது. அதைக் காதை விட நெஞ்சாலும் இருக்கையாலும்தான் உணர்கிறோம்.

உங்கள் கருவி தேறுமா என்று பார்க்க 'தி டார்க் நைட்' இசைத்தொகுப்பின் முதல் பகுதியாகிய 'வை சோ சீரியஸ்' போதும். ஒன்பது நிமிடங்களுக்கு மேல் நீளும் அந்தப் பகுதியின் நடுவே எல்லாம் ஓய்ந்து, ஏறக்குறைய ஒன்றுமே ஒலிக்காததுபோல் ஓர் இடைவெளி வரும். நல்ல ஹெட்போனிலோ சப்வூஃபர் (தாழ்ந்த ஒலிகளுக்கான ஒலிபெருக்கி) உள்ள அமைப்பிலோ அங்கே ஒரு தாழ்ந்த துடிப்பு தெளிவாகக் கேட்கும். உங்களுக்கு அங்கே வெறும் மௌனம்தான் கேட்கிறது என்றால் நீங்கள் இதுவரை கேட்டது மேல்தளம் மட்டுமே.

ஒலியளவைப் பொறுத்தவரை ஒரு முரண் உண்டு. மிகவும் குறைத்துக் கேட்டால் நம் செவி தாழ்ந்த அதிர்வுகளை முதலில் இழக்கும். மீதமிருக்கும் மேல்சுரங்கள் கீச்சென்று தனித்து நிற்கும். மிகவும் உயர்த்தினால் காதுக்குத் தீங்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி வளர்ந்தவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். அதுவே 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். சிம்மரின் பகுதிகள் மிக மெல்லத் தொடங்குவதால், தொடக்கம் கேட்கவில்லையே என்று ஒலியை ஏற்றிவைத்துவிட்டு ஆறாவது நிமிடத்தில் மாட்டிக்கொள்வது எளிது. எனவே பகுதியின் உச்சத்தை முதலில் சில நொடிகள் ஓடவிட்டு, அது வசதியாக இருக்கும் அளவில் ஒலியை நிறுத்திவிட்டுப் பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். தொடக்கம் மெல்லியதாகத்தான் கேட்கும். அது அப்படித்தான் கேட்க வேண்டும்.

அவருடைய அமைதியான முகம்

பேரொலிக்காரர் என்ற முத்திரையோடு கேட்கத் தொடங்கினால் எல்லாவற்றிலும் அதுவே கேட்கும். அதனால் முதல் வாரத்துக்கு அவருடைய பெரிய படங்களைத் தொடாமல், 1989 இல் வந்த 'டிரைவிங் மிஸ் டெய்சி', 1991 இல் வந்த 'தெல்மா அண்ட் லூயிஸ்', 1993 இல் வந்த 'ட்ரூ ரொமான்ஸ்' ஆகியவற்றைக் கேளுங்கள். முதலாவது முழுவதும் சின்தசைசரில் அவரே வாசித்தது. வயது முதிர்ந்த ஒரு பெண்ணும் அவருடைய காரோட்டியும் பேசிக்கொண்டே காலம் கழிக்கும் கதைக்கு ஏற்றபடி அது துள்ளிக்கொண்டு நடக்கிறது. இரண்டாவதில் பீட் ஹேகாக் வாசித்த சறுக்குக் கிதார்தான் பாலைவனச் சாலைகளையே வரைந்து காட்டுகிறது. மூன்றாவதில், ரத்தம் தெறிக்கும் கதை ஒன்றுக்கு மேல் குழந்தைகளின் விளையாட்டைப் போன்ற, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் மரிம்பா இசை. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப் பயன்படுத்திய பழைய மெட்டு ஒன்றைத் தழுவியது அது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றைக் கேட்டபின் ஒன்று தெளிவாகும். மெட்டு எழுதத் தெரியாததால் அவர் முழக்கத்துக்குப் போகவில்லை. பின்னாளில் மெட்டைச் சுருக்கிக்கொண்டே போனது அவர் எடுத்த முடிவு. பேட்மேனுக்கு அவரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் கொடுத்த கருப்பொருள் வெறும் இரண்டு சுரங்கள். ஜோக்கருக்கு மார்ட்டின் டில்மன் செல்லோவில் இழுக்கும் கார்வை ஏறக்குறைய ஒரே சுரம். காட்சிக்குக் காட்சி மெட்டு தரும் பின்னணி இசையில் வளர்ந்த தமிழ்ச் செவிக்கு இது முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்த ஏமாற்றத்தை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இல்லாத மெட்டைத் தேடிக்கொண்டே இருந்தால் இருப்பது கேட்காமல் போகும்.

வளர்ச்சியைப் பின்தொடருங்கள்

இருப்பது என்ன என்றால், சேர்க்கை. ஒரு சிறு அலகை எடுத்துக்கொண்டு, அதை மாற்றாமல், அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவது. இதைக் கற்பதற்கு 1998 இல் டெரன்ஸ் மாலிக் இயக்கிய 'தி தின் ரெட் லைன்' படத்தின் 'ஜர்னி டு தி லைன்' என்ற பகுதியை விடச் சிறந்த பாடம் இல்லை. ஒன்பது நிமிடங்களுக்கும் சற்று மேல் ஓடும் அதைக் கீழ்க்கண்டவாறு மூன்று முறை கேட்க வேண்டும்.

முதல் முறை, கடிகாரத் துடிப்பைப் போல அடியில் ஓடும் ஓசையை மட்டும் கவனியுங்கள். அது வேகம் கூட்டுகிறதா? கூட்டுவதுபோல் தோன்றும். அந்தத் தோற்றத்தைத் தருவது மேலே சேர்ந்துகொண்டே போகும் அடுக்குகள்தான். இரண்டாம் முறை, கம்பி வாத்தியங்களின் கார்வைகளைக் கவனியுங்கள்: ஒரு நாதச் சேர்க்கையிலிருந்து அடுத்ததற்கு நகர அவை எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கின்றன, நகரும்போது எந்த ஒரு சுரம் மட்டும் மாறுகிறது, எது அப்படியே நிற்கிறது. மூன்றாம் முறை, உச்சம் எங்கே வருகிறது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதே முக்கியம். உச்சத்துக்குப் பின் இசை ஆரவாரமாக முடிந்துவிடாமல், ஏறி வந்த எடையை இறக்கி வைக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போரில் குவாடல்கனல் தீவில் நடக்கும் கதை இது. ஜப்பானிய முகாம் ஒன்றை அமெரிக்க வீரர்கள் தாக்கிச் சிதைக்கும் காட்சியில் இந்த இசை துப்பாக்கி ஓசைகளையே பின்னுக்குத் தள்ளிவிட்டு ஒலிக்கிறது. வெற்றி என்று கொண்டாட வேண்டிய இடத்தில் இரங்கல் கேட்கிறது. அந்தப் படத்துக்கான இசையின் பெரும்பகுதி படப்பிடிப்புக்கு முன்பே எழுதப்பட்டு, படப்பிடிப்புத் தளத்தில் ஒலிக்கவிடப்பட்டது.

இதே முறையில் 'இன்செப்ஷன்' படத்தின் 'டைம்' என்ற பகுதியைக் கேளுங்கள். அது நாலரை நிமிடம்தான். சில நாதச் சேர்க்கைகளாலான ஒரு சிறு தொடர், மெல்லிய ஒலியில் தொடங்கி, கம்பி வாத்தியங்கள், ஜானி மார் வாசித்த கிதார், தாளக் கருவிகள், ஊதுகருவிகள் என்று ஏறி, முழுக் கனத்தையும் அடைந்த கணத்தில் எல்லாம் விலகிப் பியானோ மட்டும் மிஞ்சுகிறது. அவ்வளவு பெரிய ஒலி எதற்கு என்ற கேள்விக்கு இந்த விலகலே விடை: முன்னே இருந்த கனம் இல்லாவிட்டால் அந்தப் பியானோவின் தனிமை நமக்கு உறைக்காது.

ஆகவே எந்தச் சிம்மர் பகுதியைக் கேட்டாலும் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: இந்தப் பேரொலி எங்கிருந்து வந்தது, இது ஓய்ந்தபோது என்ன மிஞ்சியது? வந்த வழியும் மிஞ்சியதும் தெரிந்தால் அது அமைப்பு. முதல் நொடியிலேயே உச்சத்தில் தொடங்கி, கடைசி நொடியில் வெட்டுண்டு நின்றால் பெரும்பாலும் வெறும் அழுத்தம். பெரும்பாலும் என்று சொல்லக் காரணம், 'டன்கிர்க்'.

2017 இல் வந்த அந்தப் படத்தில் இசை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை; ஏறிக்கொண்டே இருப்பதாக நம்மை நம்பவைக்கிறது. 1964 இல் ரோஜர் ஷெப்பர்ட் என்ற உளவியலாளர் விவரித்த ஒரு செவிமயக்கம் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஒன்றாகப் பல சுரங்களை வைத்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேலே நகர்த்துவார்கள். உச்சிக்குப் போகும் சுரத்தின் ஒலியளவைக் குறைத்து மறைய விடுவார்கள். அதே நேரத்தில் அடியில் புதிய சுரம் ஒன்று ஓசைப்படாமல் நுழையும். காதுக்கு முடிவில்லாத ஏற்றம் போல் இருக்கும். நோலன் திரைக்கதையையே இந்த ஏற்றத்தின் முறையில் எழுதியதாகச் சொல்லியிருக்கிறார். தம் கைக்கடிகாரத்தின் துடிப்பையும் பதிவுசெய்து சிம்மருக்கு அனுப்பினார். இங்கே இறங்கும் இடம் இல்லாதது குறையாகாது, கடற்கரையில் சிக்கிய வீரர்களுக்கும் அது இல்லை. ஆனால் தொகுப்பாகத் தனியே கேட்டால் இருபது நிமிடத்துக்கு மேல் என்னால் தாங்க முடிவதில்லை. கடைசியில் ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் இசை, மிக மெதுவாக்கப்பட்டு, பெஞ்சமின் வால்ஃபிஷ் கைவண்ணத்தில் வரும்போது, அடைத்திருந்த மூச்சு வெளிவருகிறது. அதை மட்டும் தனியே எடுத்துக் கேட்டால் அந்தப் பயன் கிட்டாது.

காட்சியோடு வைத்துப் பாருங்கள்

திரை இசையைத் தொகுப்பில் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அரைகுறை விசாரணை. ஒரு காட்சியைத் தேர்ந்தெடுத்து, முதலில் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்; பிறகு ஒலியோடு; பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்க வேண்டும்.

இதற்கு 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தில் சுழன்றுகொண்டிருக்கும் விண்கலத்தோடு நாயகன் தன் சிறு கலத்தை இணைக்க முயலும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்னால், தவறாக இணைத்த கதவை டாக்டர் மான் என்ற விண்வெளி வீரர் திறக்கிறார். அவர் பேசிக்கொண்டிருக்கும் வாக்கியம் முடியாமலே காற்றறை வெடிக்கிறது. வெளியே விண்வெளியில் அந்த வெடிப்புக்கு ஓசையே இல்லை. நாம் எதிர்பார்த்த பெரும் சத்தம் நமக்கு மறுக்கப்படுகிறது. அந்த மௌனத்தின் மேல்தான் ஆர்கன் எழுகிறது. திரையை மறைத்துக்கொண்டு கேட்டால் இசை நேரே பெரிதாகத் தொடங்குவது போலிருக்கும். படத்தோடு பார்த்தால் அது மறுக்கப்பட்ட வெடிப்பின் இடத்தில் வந்து நிற்பது புரியும்.

ஆர்கனைத் தேர்ந்தெடுத்ததிலும் பொருள் இருக்கிறது. லண்டனின் டெம்பிள் சர்ச்சில் 1920களைச் சேர்ந்த நான்கு விசைப்பலகை கொண்ட ஆர்கனை, அங்கேயே இசைப் பொறுப்பில் இருந்த ரோஜர் சேயர் வாசிக்கப் பதிவுசெய்தார்கள். ஆர்கன் காற்றால் ஒலிக்கும் கருவி. மூச்சுக் காற்றே விலை மதிப்புள்ளதாகிவிட்ட ஒரு கதைக்கு மூச்சு விடும் கருவி. இது போதாதென்று, அந்தப் படத்துக்கான முதல் இசையை எழுதும்போது அது விண்வெளிக் கதை என்பதே சிம்மருக்குத் தெரியாது. தகப்பனுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, அதற்கு மட்டும் இசையமைக்கச் சொன்னார் நோலன். அந்தச் சிறு மெட்டு விண்மீன்களுக்கு நடுவே ஆர்கனில் பெருகும்போதும் உள்ளே இருப்பது தகப்பன் ஒருவனின் இசைதான் என்று தெரிந்தபின், எனக்கு அந்தப் படத்தின் பேரொலிமேல் இருந்த வருத்தம் பாதி குறைந்தது. மீதிப் பாதி, அதாவது மைக்கேல் கெய்ன் நடித்த பேராசிரியர் மரணப்படுக்கையில் சொல்லும் முக்கியமான வரிகள் தெளிவாக விழாததன் வருத்தம், இன்னும் அப்படியே இருக்கிறது.

'கிளாடியேட்டர்' படத்தின் தொடக்கப் போரையும் இந்த மூன்று வழிகளில் பார்க்கலாம். ஒலியில்லாமல் பார்த்தால் குழப்பமான வெட்டுக்குத்து. ஒலியை மட்டும் கேட்டால், மூன்று மூன்றாக அடிவிழும் வால்ட்ஸ் நடனத் தாளம் கேட்கும். வியன்னாவின் நாகரிக நடனத்தைக் காட்டுமிராண்டித்தனமாக்கினால் எப்படி இருக்கும் என்பதே சிம்மருடைய எண்ணம். அந்தப் போர் இசை ஆங்கிலேய இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' இசையை ஒத்திருக்கிறது என்று ஹோல்ஸ்ட் அறக்கட்டளை 2006 இல் வழக்குத் தொடுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு உங்கள் முடிவுக்கு வாருங்கள்; ஒற்றுமை கேட்காமல் இருக்க நீங்கள் மிகவும் முயல வேண்டியிருக்கும்.

தோற்கும் இடங்கள்

பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் செவி கூர்மை பெறாது. 2013 இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தை இதற்காகவே ஒருமுறை முழுதாகப் பாருங்கள். ஜான் வில்லியம்ஸ் 1978 இல் சூப்பர்மேனுக்கு எழுதிய அணிவகுப்பு இசையின் நிழலிலிருந்து தப்ப வேண்டிய கடினமான வேலை சிம்மருக்கு. அவர் தேர்ந்தெடுத்த வழி எளிமை. கிராமத்துப் பையன் ஒருவனுக்காகத் தயங்கித் தயங்கிப் பியானோவில் எழும் சில சுரங்கள் உண்மையிலேயே அழகு. மறுபக்கம், ஷீலா ஈ, ஃபாரெல் வில்லியம்ஸ், ஜேசன் போனம் உள்ளிட்ட டிரம்ஸ் கலைஞர்களை வட்டமாக உட்காரவைத்து ஒன்றாக முழங்கச் செய்தார். செய்தியாகப் படிக்கும்போது சுவையான யோசனை. படத்தில், நகரமே இடிந்து விழும் நீண்ட இறுதிப் பகுதியில், கட்டடம் சரியும் ஓசையும் டிரம்ஸும் ஒரே அதிர்வெல்லையில் மோதிக்கொள்கின்றன. எது இடிபாடு, எது இசை என்று தெரிவதில்லை. ஏறுவதற்கு இடமில்லாமல் உச்சியிலேயே நின்றுகொண்டிருக்கும் இசை அது. மேலே சொன்ன கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்: எங்கிருந்து வந்தது, ஓய்ந்தபோது என்ன மிஞ்சியது? எனக்குத் தலைவலி மிஞ்சியது.

ஆனால் அந்தப் படத்தையே ஒதுக்கிவிடாதீர்கள். அதன் சிறப்புப் பதிப்பில் சிம்மரின் தொடக்கக் குறிப்பேடு என்ற பெயரில் ஏறத்தாழ 28 நிமிடம் ஓடும் ஒரே நீண்ட பகுதி இருக்கிறது. காட்சிகளின் நீளத்துக்கு ஏற்ப வெட்டப்படுவதற்கு முந்தைய இசை அது; அங்கே அதே டிரம்ஸ் எழுவதற்குக் காரணமும் ஓய்வதற்கு இடமும் கிடைக்கின்றன. 'டூன்' படத்துக்கும் இப்படி ஒரு குறிப்பேட்டுத் தொகுப்பு 2021 இல் தனியே வெளிவந்தது. சிம்மர் முதலில் நீண்ட இசையாக எழுதி, பிறகு அதிலிருந்து காட்சிகளுக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கமுடையவர். ஒரு படத்தின் இசை உங்களை அயரவைத்தால், இத்தகைய நீண்ட வடிவம் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது நல்லது.

'டூன்' பற்றி என் மனம் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை. பாலைவனக் கோளில் பிரபுக் குடும்பம் வந்திறங்கும்போது ஸ்காட்லாந்தின் பைப் இசை முழங்குவது, யாரும் எதிர்பாராத, ஆனால் கேட்டவுடன் சரியென்று படும் தேர்வு. பாடகி லோயர் காட்லர் குரலில் எழும் அலறல் முதல் முறை முதுகுத்தண்டில் இறங்கியது. பத்தாவது முறை, இதோ வருகிறது என்று காத்திருக்கத் தொடங்கிவிட்டேன். பேரொலிக்குப் பழகிப்போவதை விட மோசமான முடிவு அதற்கு வேறில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சிம்மரின் தொகுப்புகளை ஒரே அமர்வில் முழுதாகக் கேட்க வேண்டாம் என்று சொல்வேன். ஒரு நாளில் ஒரு நீண்ட பகுதி போதும். அதற்கும் அடுத்ததற்கும் இடையில், வாத்தியங்கள் குறைந்த எதையாவது கேளுங்கள்.

பெயர்ப் பட்டியலைப் படியுங்கள்

கடைசியாக ஒன்று, பலரும் தவறவிடுவது. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் சிம்மர் நடத்தும் ரிமோட் கன்ட்ரோல் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனத்தில் பல இசையமைப்பாளர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். முன்பு அதற்கு மீடியா வென்ச்சர்ஸ் என்று பெயர். ஜான் பவல், ஹாரி கிரெக்சன் வில்லியம்ஸ், ரமின் ஜவாடி, லோர்ன் பால்ஃப் ஆகியோர் அங்கிருந்து வளர்ந்தவர்கள். 2003 இல் வந்த முதல் 'பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்' படத்துக்கு முதலில் அமர்த்தப்பட்ட ஆலன் சில்வெஸ்ட்ரி விலகிய பிறகு, மிகக் குறைந்த நாட்களில் இசை தேவைப்பட்டது. அப்போது வேறு படத்தில் கட்டுப்பட்டிருந்த சிம்மர் முக்கிய மெட்டுகளை எழுதினார். இசையமைப்பாளராகப் பெயர் போட்டுக்கொண்டவர் கிளாவ்ஸ் படெல்ட். உடன் உழைத்தவர்கள் பலர். எண்ணிக்கை இவ்வளவு பெருத்ததற்கும், சில படங்களில் ஒரே அச்சில் வார்த்த ஒலி கேட்பதற்கும் இந்தக் கூட்டு முறையே பெரிய காரணம். ஆகவே ஒரு பகுதி பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், கூடுதல் இசை என்ற தலைப்பின்கீழ் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவர்கள் தனியே செய்த படங்களைக் கேளுங்கள். நீங்கள் சிம்மர்மேல் வைத்திருந்த அன்போ எரிச்சலோ வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம்.

இந்தப் பழக்கம் நமக்கு விரைவில் தேவைப்படும். நிதேஷ் திவாரி இயக்கும் 'ராமாயணா' படத்துக்கு ஏ.ஆர். ரஹ்மானும் சிம்மரும் சேர்ந்து இசையமைப்பதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. படம் வந்ததும் மெட்டெல்லாம் ரஹ்மான், முழக்கமெல்லாம் சிம்மர் என்று பங்கு பிரிக்க நம்மில் பலர் அவசரப்படுவோம். ரஹ்மானுக்கு முழங்கவும் தெரியும், சிம்மருக்கு மெல்லப் பேசவும் தெரியும். தொகுப்பின் பெயர்ப் பட்டியலைப் படித்து, பிடித்த பகுதியையும் பிடிக்காத பகுதியையும் தலா மூன்று முறை கேட்டுவிட்டு, அதன்பிறகு யாரைத் திட்டுவது என்று முடிவுசெய்துகொள்ளலாம்.